குப்பன் கூப்பன் ஆன கதை: தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயரின் பொருளைத் தேடுவது எப்படி

என் குடும்பப் பெயர் கூப்பன். டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தேன். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது, கடையில் கொடுக்கிற தள்ளுபடிச் சீட்டைச் சொல்வதுபோலத்தான் என் பெயர் காதில் விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டால், "தாத்தா பெயர்டா அது, நமக்கு முன்னாலேயே இருந்தது" என்பார். பொருள் கேட்டால் யாருக்கும் தெரியாது. பின்னால் ஒரு காவடித் திருவிழாவில் பெரியவர் ஒருவர், "கை கூப்புகிறவன் கூப்பன். பக்தியான பெயரப்பா" என்று சொன்னார். மனசு குளிர்ந்துவிட்டது. பல வருடம் அதையே நம்பினேன், தம்பி தங்கைகளுக்கும் சொன்னேன்.

அது தவறு. எங்கள் பெயர் பிறந்தது 'குப்பை' என்ற சொல்லிலிருந்து. தெரிந்த அன்று சுருக்கென்றது. முழுக் கதையும் தெரிந்த பிறகு இந்தப் பெயரைப்போல அன்பான பெயர் வேறு உண்டா என்று தோன்றியது. நான் போன வழியை, தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து, இப்போது தேடத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அகராதியைக் கடைசியில் திறங்கள். இந்த ஊரில் நம் குடும்பப் பெயர் பெரும்பாலும் ஒரு தனி மனிதருடைய பெயர். அந்த மனிதரைக் கண்டுபிடித்த பிறகுதான் பெயர் வாய் திறக்கும்.

பட்டமா, ஆளின் பெயரா?

இங்குள்ள தமிழ், தெலுங்குக் குடும்பப் பெயர்கள் இரண்டு வகை. பிள்ளை, முதலி, படையாட்சி, நாயக்கர், செட்டி, நாயுடு, ரெட்டி போன்றவை பட்டங்கள். இங்கே 'கொவெண்டர்' என்று வழங்குவது நம் கவுண்டர்தான். இவற்றிலும் அன்றாடச் சொற்கள் உண்டு. பிள்ளை என்றால் குழந்தை, மகன். அது அரசனுக்குப் பிள்ளைபோல உரிமையுள்ளவர் என்ற மரியாதையாகி, பின்னர் ஒரு கூட்டத்தாரின் பட்டமாக நின்றது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த டர்பன்காரர் நவி பிள்ளையின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். முதலி என்றால் முதல் ஆள். படையாட்சியைப் பிரித்தால் படை, ஆட்சி. உங்களுடையது இந்த வகை என்றால் பொருள் தேட அதிகம் அலைய வேண்டாம். அந்தப் பட்டம் உங்கள் குடும்பத்தில் எப்போது ஒட்டியது என்பதுதான் தேட வேண்டியது, ஏனென்றால் இங்கே வந்து சில காலம் கழித்துப் பட்டத்தைப் பெயராக எடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

இரண்டாவது வகை ஆள்பெயர்: முனுசாமி, பெருமாள், ஆறுமுகம், மாரிமுத்து, கோவிந்தன், குப்பன், பக்கிரிசாமி. ஊரில் இவை குடும்பப் பெயர் அல்ல, அப்பா பெயர். முனுசாமியின் மகன் ஆறுமுகம், ஆறுமுகத்தின் மகன் பெருமாள் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். இங்கே பிறப்புப் பதிவும் பள்ளிக்கூடமும் கடைசிப் பெயர் ஒன்றைக் கேட்டன. கேட்ட அன்று யார் பெயர் அந்த இடத்தில் எழுதப்பட்டதோ அது அப்படியே உறைந்து போனது. அதனால்தான் ஒரே கொள்ளுத்தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு வேறு குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் பிள்ளைகள் கூப்பன். அவருடைய தம்பி பிள்ளைகள் தங்கள் அப்பா பெயரைப் போட்டுக்கொண்டார்கள். கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பங்காளிகள்தான், தொலைபேசிப் புத்தகத்தில் மட்டும் அந்நியர்கள். ஆகவே, "அவர்கள் பெயர் வேறு, நமக்குச் சம்பந்தமில்லை" என்று எந்தக் கிளையையும் ஒதுக்கிவிடாதீர்கள். எனக்குப் பாதி விஷயம் வேறு பெயர் வைத்திருந்த சித்தப்பா வீட்டிலிருந்துதான் கிடைத்தது.

வாயில் எப்படி வருகிறது?

எழுத்தை நம்பாதீர்கள், ஒலியைக் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களில் மூத்தவர் யாரோ அவரிடம் போய், "ஆயா, உன் மாமனாரை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேளுங்கள். 'நம் குடும்பப் பெயர் என்ன' என்று கேட்டால் அடையாள அட்டையில் உள்ளதைத்தான் சொல்வார்கள். கூப்பிட்ட விதத்தைக் கேட்டால்தான் பழைய ஒலி வரும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் பேச்சை நிறுத்தினாலும் உடனே பதிவை நிறுத்தாதீர்கள், நல்ல விஷயம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழுக்குத் திருப்ப வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குமாஸ்தாக்கள் நம் உகரத்துக்கு இரண்டு ஓ போட்டார்கள். நாயுடு இங்கே இரண்டு ஓ போட்டு முடிவதும் அதனால்தான். அந்த இரண்டு ஓ குறிலா நெடிலா என்பதை எழுத்து காட்டாது. ஐகாரத்துக்கு ஏ-யும் ஒய்-யும் சேர்த்தார்கள், பிள்ளையின் வால் அப்படி வந்தது. கடைசி 'அன்' பல பெயர்களில் 'என்' ஆனது. கோவிந்தன் கோவிந்தென் என்று நிற்பதைப் பார்க்கலாம். சாமி என்ற ஒரே சொல்லை நாலைந்து விதமாக எழுதினார்கள். முனுசாமியில் உகரம் விழுந்து முன்சாமி ஆயிற்று.

என்னைத் தடுக்கிவிட்டது அந்த இரண்டு ஓ. சி, ஓ, ஓ என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் இன்று யாரும் 'கூ' என்றுதான் படிப்பார்கள். எழுதியவர் கேட்டதோ 'கு'. இதே பெயரைக் கே-யும் யு-வும் போட்டு எழுதுகிற குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்களை யாரும் கூப்பன் என்று கூப்பிடுவதில்லை. ஒரே பெயர், இரண்டு குமாஸ்தா. ஒரு தாளில் உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் எழுதி வையுங்கள். பதிவேட்டில் தேடும்போது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

தமிழில் எழுதியது ஏதாவது இருக்கிறதா?

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்குப் பூட்டைத் திறந்த சாவி இதுதான். நம் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் அந்நியர். தமிழில் எழுதியவர் நம்மை அறிந்தவர். தமிழில் குறிலும் நெடிலும் ஒளிய முடியாது.

எங்கே பார்ப்பது? பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை, கல்லறைக் கல், தமிழ்ப் பள்ளிக்கூடச் சான்றிதழ், பஜனைப் புத்தகத்தின் முதல் பக்கம். டர்பனைச் சுற்றியுள்ள மவுண்ட் எட்ஜ்கம்ப், இசிபிங்கோ, உம்பிலோ பக்கத்துப் பழைய கோயில்களுக்குப் போனால் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுவர்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

ஆயா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியை அத்தை திறந்தார். அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை, தாத்தாவின் தங்கை கல்யாணத்துக்கு அடித்தது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் காய்ந்து பழுப்பாகியிருந்தது, மடிப்பில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். ஆங்கிலப் பக்கத்தில் எங்கள் வழக்கமான இரண்டு ஓ. திருப்பினேன். 'காலஞ்சென்ற குப்பன் அவர்களின் குமாரத்தி' என்று இருந்தது. ககரத்தின் கீழே வளைந்த அந்த ஒற்றை உகரக் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தேன். கை கூப்பிய பக்தர் அந்த இடத்திலேயே மறைந்துவிட்டார்.

காகிதங்களை ஏணிபோல ஏறுங்கள்

உங்களிடமிருந்து பின்னோக்கிப் போங்கள், ஒரு படியையும் தாண்டாதீர்கள். உள்துறை அலுவலகத்தில் பெற்றோர் விவரம் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் கேளுங்கள். சுருக்கச் சான்றிதழ் உதவாது. அடுத்து இறப்பு. சொத்து விட்டுச் சென்றவராக இருந்தால் எஸ்டேட் கோப்பு, அதாவது அவர் விட்டுச் சென்ற சொத்தைப் பற்றிய அரசுக் கோப்பு, இருக்கலாம். அதில் உள்ள மரண அறிவிப்புப் படிவம் பொன்னானது: இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். பழைய நேட்டால் (டர்பன் இருக்கும் பகுதி, இன்றைய க்வாசூலு-நேட்டால் மாகாணம்) கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. போவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிக் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் என்ற இணையத் தளத்திலும் நேட்டால் பதிவுகளின் படங்கள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன.

ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது கரும்புத் தோட்டம் போன்ற இடங்களில் குறிப்பிட்ட வருடங்கள் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டு, வந்தவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. அவர்களுடைய கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாவற்றையும் 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்ற அதிகாரியின் அலுவலகம் எழுதி வைத்தது. அந்த அலுவலகக் கோப்புகளையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். இவற்றில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

குடியேற்ற எண்ணும் கப்பல் பட்டியலும்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டர்பனில் வந்து நின்றது. அன்றிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். ஆயிரம் முனுசாமி இருக்கலாம், ஆனால் எண் ஒருவருக்கு ஒன்றுதான். பெயரை வைத்துத் தேடினால் கடலில் கல்லைத் தேடுவதுபோல. எண் கையில் இருந்தால் நேரே அந்த வரிக்குப் போய் நிற்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 1866-இல் நின்ற கூலிக் குடியேற்றம் 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. "எங்கள் தாத்தா 1870-இல் கூலியாக வந்தார்" என்று வீட்டில் சொன்னால் வருடம் பிசகியிருக்கிறது, அல்லது அவர் வேறு வழியில் வந்தவர். சொந்தச் செலவில் வந்தவர்களும் மொரீஷியஸ் வழியாக வந்தவர்களும் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். காந்தியோடு சிறை சென்ற தம்பி நாயுடுவே மொரீஷியஸில் பிறந்தவர்தான்.

கப்பல் பட்டியல்களைப் பார்க்க, க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்திலிருந்து தொடங்கலாம். ஒரு வரியில் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று இருக்கும். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வரியில் வயது இருபது, இடது கெண்டைக்காலில் தழும்பு என்று இருந்தது. அந்தத் தழும்பைப் படித்தபோது அழுதுவிட்டேன். அதுவரை அவர் எனக்கு ஒரு பெயர் மட்டும்தான்.

ஊர்ப் பெயர்கள் வெள்ளைக்காரர் வாயில் புரண்டவை. வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி. சிங்கிள்புட் செங்கல்பட்டு, டான்ஜூர் தஞ்சாவூர், டிரிச்சினாபொலி திருச்சிராப்பள்ளி. நம்மில் பலருடைய வரியில் 'வட ஆற்காடு' என்று இருக்கும். அந்தப் பெயரில் இன்று மாவட்டம் இல்லை. 1911-இல் சித்தூர் பிரிந்தது. 1989-இல் மிச்சமிருந்தது வேலூர், திருவண்ணாமலை என இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே மாவட்டத்தை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள். வந்தவாசி தாலுகா என்றால் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் தேட வேண்டும்.

சாதி என்ற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நிரப்பியது குமாஸ்தா. அவர் கேட்டது, புரிந்துகொண்டது, அவசரத்தில் எழுதியது எல்லாம் அதில் கலந்திருக்கும். அதைப் பார்த்துப் பெருமைப்படவும் வேண்டாம், கூசவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது பெயரும் அப்பா பெயரும் கிராமமும்.

இப்போது அகராதி

ஆள் கிடைத்தார், தமிழ் எழுத்து கிடைத்தது. இனிப் பொருள் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆனால் அகராதி சொல்லின் பொருளைச் சொல்லும், அதை ஏன் ஒரு பிள்ளைக்கு வைத்தார்கள் என்பதை ஊர் வழக்கம்தான் சொல்லும்.

குப்பை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று அது வேண்டாததைக் குறிக்கிறது. பழந்தமிழில் அதற்குக் குவியல் என்று பொருள். உப்புக் குவியலும் நெல் குவியலும்கூடக் குப்பைதான். உழவர் வீட்டில் இன்றும் குப்பை என்றால் எரு. வீட்டுக்குப் பின்னால் சாணமும் சாம்பலும் சருகும் மக்கிக் கிடக்கும் மேடுதான் அடுத்த பருவத்துக்கு வயலுக்குப் போகும்.

அந்த மேட்டில்தான் பிள்ளையைக் கிடத்தினார்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போன வீட்டில், அடுத்தது பிறந்ததும் அதை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போடுவார்கள், அல்லது அதன்மேல் ஒரு புரட்டுப் புரட்டுவார்கள். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி கண்டெடுத்ததுபோல எடுத்து வருவாள். தாய் அவளிடம் ஒரு படி தவிடோ காலணாவோ கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். இது எனக்குப் பிறந்ததல்ல, குப்பையில் கிடந்தது, யாருக்கும் வேண்டாதது என்று எமனுக்கும் கண்ணேறுக்கும் கேட்கும்படி சொல்லிப் பெயரும் அப்படியே வைத்தார்கள்: ஆணென்றால் குப்பன், குப்புசாமி, பெண்ணென்றால் குப்பம்மாள், குப்பாயி. பிச்சை, தவிடன், மூக்குக் குத்தி வைத்த மூக்கன், மூக்காயி எல்லாம் இந்த வழக்கத்தோடு உறவுள்ள பெயர்கள்தான். நம் அக்கம்பக்கத்துத் தெலுங்கர்களின் பெண்டய்யாவும் குப்பைமேட்டுப் பிள்ளைதான். இந்தி பேசுகிற குடும்பங்களில் வரும் 'பேச்சு' என்ற பெயர் நம் தமிழ்ப் பேச்சு அல்ல, அதற்கு விற்கப்பட்டவன் என்று பொருள்.

சின்ன வயதில் நான் அடம்பிடித்தால் ஆயா, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது, போடா" என்பார். எல்லாத் தமிழ் வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். இன்னொன்றும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன் அரிசி புடைக்கிற முறத்தில் ஒரு நிமிஷம் கிடத்துவார்கள். ஏன் என்று கேட்டால், "நம் வழக்கம்" என்பார்கள். கடல் தாண்டி, கரும்புத் தோட்டம் தாண்டி, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் வீட்டை விட்டு எழுப்பப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த பிறகும் அந்த முறம் வந்திருக்கிறது. காரணம் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இங்கே அவசரப்பட வேண்டாம். பெயர் குப்பன் என்றால் அவரையே குப்பைமேட்டில் போட்டார்கள் என்று முடிவு கட்ட முடியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், அதனால் முறத்தில் கிடந்தவர் அவருடைய தாத்தாவாகவும் இருக்கலாம். அப்பா பெயர்க் கட்டத்தையும் முந்தைய தலைமுறையையும் பார்த்த பிறகே சொல்லுங்கள். சித்தூர்ப் பக்கத்தில் குப்பம் என்று ஓர் ஊர் உண்டு, கடலோரத்தில் மீனவர் ஊர்களெல்லாம் குப்பம்தான். பட்டியலில் ஊர்ப் பெயரும் ஆள்பெயரும் கட்டம் மாறி விழுந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். உங்கள் பெயர் எதுவானாலும் சோதனை ஒன்றுதான்: கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு பொருளை ஏற்காதீர்கள். ஒலி பொருந்த வேண்டும், தமிழ் எழுத்து பொருந்த வேண்டும், அந்த ஆளுடைய ஊர் வழக்கமும் பொருந்த வேண்டும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

பொருள் எல்லோருக்கும் உடனே இனிக்காது. நான் சொன்னபோது சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. 'குப்பனும் சுப்பனும்' என்றால் கேட்பாரற்ற ஆட்கள் என்றுதானே பழக்கம். அதனால் பொருளை மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள், வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயிலிருந்து தொடங்கி முறத்துக்கு வாருங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். நான் இரண்டாம் முறை அப்படித்தான் சொன்னேன். அத்தை எழுந்து உள்ளே போய் அந்த முறத்தை எடுத்துக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தார். சித்தப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடைத்ததை எழுதி வையுங்கள், தலையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பூஜை அறையில் இருக்கும் புத்தகத்தின் முதல் பக்கம் போதும். பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள், கீழே ஆங்கிலத்தில் வழங்கும் எழுத்துக்கூட்டல்கள் எல்லாம், அடுத்து குடியேற்ற எண், கப்பல், வந்த வருடம், கிராமம், தாலுகா. வழக்கத்தையும் கதையையும் யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். காகிதத்தில் பார்த்தது எது, வாய்வழியாகக் கேட்டது எது என்று பிரித்துக் குறியுங்கள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், அடுத்து எழுதப்போகிறவருக்கு வேண்டும்.